எஸ்பிடியா, சிபிடியா? மீஞ்சூர் பக்கம் களியில குடோன் கட்டப்போறவனுக்கு நான் சொன்னது

போன வாரம் அக்கா பையன் வாட்ஸப்ல ரெண்டு கொட்டேஷன் அனுப்பிட்டு "மாமா, எதுக்கு ஓகே சொல்லட்டும்?"னு கேட்டிருந்தான். மீஞ்சூருக்குக் கிழக்கால, ஆத்துக்கு அந்தாண்ட, ஆறு ஏக்கர் சொச்சம், குடோன் கட்டணும், மழை வந்தா தண்ணி நிக்கிற இடம்கிறதால 3 மீட்டர் மண்ணு கொட்டி மேடு பண்ணணும். முதல் கொட்டேஷன்ல 30 மீட்டர் ஆழத்துக்கு எட்டு போர் (தரைல போடற துளை), ஒன்றரை மீட்டருக்கு ஒரு எஸ்பிடி, அதாவது ஹேமரால அடிச்சு, எத்தனை அடின்னு எண்ணி மண்ணோட இறுக்கத்த பாக்கற டெஸ்ட். ரெண்டாவதுல ஆறு சிபிடியூ, அதாவது ஒரு கூம்ப (கோன்) தரைக்குள்ள அமுக்கி பாக்கற சிபிடி டெஸ்ட்ல ஒரு வகை, போர் ஒன்னு கூட கிடையாது. ரெண்டாவது தொகை ஜாஸ்தி. அவன் கேட்டது ரேட்ட பத்தி, நான் திருப்பிக் கேட்டது, அந்த மண்ணுகிட்ட உனக்கு என்னடா தெரியணும்னு. பதில் வரல, போன்தான் வந்துச்சு. ஒரு மணி நேரம் பேசினோம், அதுல சொன்னத எல்லாம் இங்க எழுதி வெக்கறேன், ஏன்னா வருஷத்துக்கு நாலு பேராவது இதையே கேக்கறாங்க.

எஸ்பிடி எல்லாருக்கும் பழக்கம். ட்ரைபாட், வின்ச், கயிறு, 63.5 கிலோ ஹேமர், 75 சென்டிமீட்டர் தூக்கி விடணும், முதல் 15 சென்டிமீட்டர் கணக்குல சேராது, அடுத்த 30 சென்டிமீட்டர் ஸ்பூன் (ராடு நுனில மண்ண அள்ளற குழாய்) இறங்க எத்தனை அடியோ அதான் 'N' வேல்யூ. ஐஎஸ் 2131ங்கற இந்திய தரநிலை சொல்றது இவ்ளோதான். ஆனா 75 சென்டிமீட்டர்னு யார் டேப் வெச்சு பாக்கறாங்க? கண்ணளவுதான். கயிறு ட்ரம்ல எத்தனை சுத்து இருக்கு, நனைஞ்சிருக்கா, இழுக்கறவர் காலைல வந்த தெம்போட இருக்காரா சாயங்காலம் நாலு மணிக்கு களைச்சுப்போய் இருக்காரா, எல்லாமே அந்த நம்பருக்குள்ள போய் உக்காந்துக்கும். கயிறு சுத்தி விடற டோனட் ஹேமர்ல மொத்த சக்தில 45 சதவீதம் பக்கம்தான் ராடுக்கு போய் சேரும், ஆட்டோமேட்டிக் ஹேமர்ல 80க்கு மேல போகும். அதாவது ஒரே மணல்ல ஒரு ரிக்ல 10 வந்தா இன்னொன்னுல 18 வரும், ரெண்டு பேருமே ஒழுங்கா எண்ணியிருந்தாலும். அதனால அந்த நம்பர 60 சதவீத சக்திக்கு மாத்தி ரிப்போர்ட்ல போட்டிருக்காங்களான்னு பாருங்க, பாதி ரிப்போர்ட்ல அந்த கட்டமே இருக்காது.

இது மணல் கதை. மெத்துன்னு இருக்கற களியில கதை இன்னும் மோசம். எண்ணூர் பக்கம் ஒரு சைட்ல நின்னுட்டு இருந்தேன், 6 மீட்டர்ல ஸ்பூன இறக்கி ஹேமர மேல வெச்சாங்க, ஒரு அடி கூட அடிக்கல, ராடு பாட்டுக்கு வழுக்கிட்டு அரை மீட்டர் கீழ போய் நின்னுச்சு. லாக் எழுதற பையன் என்னை ஒரு தடவை பார்த்தான், நோட்ட பார்த்தான், "2"ன்னு எழுதினான். ஏம்பா, சைபர்தானே வரணும்னேன். "சைபர் எழுதினா ஆபீஸ்ல டெஸ்ட் ஒழுங்கா பண்ணலன்னு திருப்பி அனுப்புவாங்க சார்." அந்த பையன குத்தம் சொல்ல மனசு வரல. ஆனா அந்த 2தான் டிசைன் டேபிளுக்கு வரும், வந்ததும் யாரோ ஒருத்தர் அத ஆறால பெருக்கி 12 கிலோபாஸ்கல் வலுன்னு எழுதிடுவாரு. 0, 1, 2ங்கற மூணு நம்பர வெச்சுக்கிட்டு ஆறு ஏக்கருக்கு மண்ணு கொட்டறதா வேணாமான்னு முடிவெடுக்கறது, வீட்டு தராசுல தங்கம் நிறுக்கற வேலை.

சிபிடில அடியே கிடையாது. 60 டிகிரி கூர் வெச்ச, 10 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஒரு கூம்பு, குறுக்களவு 35.7 மில்லிமீட்டர், அத ஹைட்ராலிக்ல நொடிக்கு 2 சென்டிமீட்டர் வேகத்துல ஒரே சீரா அமுக்கிக்கிட்டே போறது. நுனி எவ்ளோ எதிர்ப்ப பாக்குது, பின்னாடி இருக்கற உறை எவ்ளோ உரசுது, கூம்புக்குப் பின்னாடி இருக்கற ஃபில்டர் வழியா மண்ணுக்குள்ள தண்ணியோட அழுத்தம் எவ்ளோ, இந்த மூணும் ஒன்னு ரெண்டு சென்டிமீட்டருக்கு ஒரு தடவை கம்ப்யூட்டர்ல விழும். தண்ணி அழுத்தம் பாக்கற மாடலைத்தான் சிபிடியூங்கறாங்க. 20 மீட்டர் போர்ல எஸ்பிடி 13 நம்பர் குடுக்கும்னா இது ஆயிரத்துக்கு மேல குடுக்கும், அதுவும் ஆபரேட்டர் மூடுக்கு ஏத்த மாதிரி மாறாது. ஒரு மீட்டர் ராடு இறங்க 50 செகண்ட், ராடு மாட்டற நேரத்தையும் சேர்த்தா 20 மீட்டர முக்கால் மணி, ஒரு மணி நேரத்துல முடிச்சிடலாம்.

இந்த டெஸ்ட் நெதர்லாந்துல பொறந்தது, அதுக்கு காரணம் இருக்கு. 1918ல வீஸ்ப் பக்கம் மழைல ரயில்வே கரை சரிஞ்சு ரயில் கவுந்து 41 பேர் செத்தாங்க, அதுக்கப்புறம்தான் அந்த ஊர்ல மண்ண ஒரு படிப்பா எடுத்து பாக்க ஆரம்பிச்சாங்க. 1932ல பாரென்ட்சன்னு ஒரு அரசாங்க இன்ஜினியர் கேஸ் பைப்புக்குள்ள ஒரு இரும்பு ராட விட்டு, நுனில கூம்ப மாட்டி, கையால அமுக்கி பார்த்தாரு. பல இடத்துல மேல பத்து பன்னெண்டு மீட்டர் சொதசொத மண்ணு, கீழ மணல், பைல் (கட்டடத்த தாங்க ஆழமா இறக்கற தூண்) அந்த மணல்ல போய் உக்காரணும், அதனால அவங்களுக்கு இது பொருந்திப் போச்சு. உறைய 1953ல பெகமன் சேர்த்தாரு, எலக்ட்ரிக் கோன் 60கள்ல வந்துச்சு. நம்ம ஊர் ஐஎஸ் 4968 மூணாவது பாகம் 1976ல வந்தது, அதுல இருக்கறது பழைய மெக்கானிக்கல் கோன். இந்த வித்தியாசத்தாலயே காசு போகும், கடைசில சொல்றேன்.

அப்ப சிபிடியே போட்டுடலாமேன்னு அவனும் கேட்டான். அங்கதான் பிரச்சனை. சிபிடில மண்ணு கைக்கு வராது. ஸ்க்ரீன்ல கோடுதான் வரும். உரசல நுனி எதிர்ப்பால வகுத்தா ஒரு சதவீதத்துக்குள்ள வந்தா மணல், மூணு நாலுக்கு மேல போனா களின்னு சொல்லலாம், அதுக்குன்னு ராபர்ட்சன் போட்ட சார்ட் இருக்கு, எல்லா சாஃப்ட்வேரும் அதைத்தான் கலர் கலரா காட்டும். ஆனா அந்த சார்ட் சொல்றது மண்ணு எப்படி நடந்துக்குதுங்கறத, மண்ணு என்னங்கறத இல்ல. போர் போட்டா ஸ்பூன பிரிச்சு, களிய விரல்ல தேய்ச்சு பார்க்கலாம், சிப்பி இருக்கான்னு பார்க்கலாம், மூக்கு கிட்ட கொண்டு போனா அழுகின முட்டை நாத்தம் வருதா, மக்கின இலை தழை இருக்கான்னு தெரியும், லேபுக்கு அனுப்பி லிக்விட் லிமிட் (எவ்ளோ தண்ணி சேர்ந்தா களி கூழாகும்னு), சல்பேட், குளோரைடு எல்லாம் எடுக்கலாம். அந்த உப்புக்கழி ஓரத்துல பைல் கான்கிரீட்டுக்கு என்ன சிமென்ட் போடறதுன்னு முடிவு பண்ண அந்த கெமிக்கல் ரிப்போர்ட் இல்லாம ஆகாது. கோன் அத சொல்லாது.

அதவிட முக்கியம், கோன் ரீடிங்ல இருந்து களியோட வலுவ எடுக்க ஒரு வகுக்கற எண் வேணும், 'Nkt'ன்னு சொல்வாங்க. இத கணக்கா போட்டே காட்டினேன் அவனுக்கு. 6 மீட்டர்ல நுனி எதிர்ப்பு 350 கிலோபாஸ்கல் வருதுன்னு வெச்சுக்க, மேல இருக்கற மண்ணோட கனம் சுமார் 96, கழிச்சா 254. இத 14ஆல வகுத்தா 18 கிலோபாஸ்கல். ஆனா அந்த எண் 10ல இருந்து 18 வரைக்கும் எதா வேணா இருக்கலாம், 10னா வலு 25, 18னா வெறும் 14. இப்ப 3 மீட்டர் மண்ணு கொட்டினா 57 கிலோபாஸ்கல் ஏறும். களி தாங்கறது வலுவ 5.14ஆல பெருக்கினா வர்றது. 25ன்னு எடுத்தா பாதுகாப்பு 2.25 மடங்கு, தைரியமா கொட்டு. 18னா 1.6, பரவால்ல. 14னா 1.26, ஒரே மூச்சுல கொட்டினா கரை ஓரத்துல மண்ணு பக்கவாட்டுல பிதுங்கிட்டு வரும். ரீடிங் ஒன்னுதான், சாஃப்ட்வேர்ல 14ன்னு டீஃபால்டா இருந்ததா 18ன்னு இருந்ததாங்கறதுல வேலை தலைகீழா மாறுது. இந்த எண்ண அந்த சைட்டுக்குன்னு கண்டுபிடிக்க வழி, கோன் போட்ட இடத்துக்கு ரெண்டு மீட்டர் தள்ளி ஒரு போர் போட்டு, வேன் ஷியர் (களிக்குள்ள இறக்கைய திருகி வலுவ பாக்கற டெஸ்ட்) பண்ணி, ட்யூப் சாம்பிள் (குலையாம குழாய்ல எடுக்கற மண்ணு) எடுத்து லேபுக்கு அனுப்பறது. போரே இல்லாம ஆறு சிபிடியூன்னு கொட்டேஷன் குடுத்தவர் இத சொல்லல. கேட்டா சொல்லியிருப்பாரோ என்னவோ.

ஆனா ஒரு விஷயத்துல சிபிடியூ கிட்ட எஸ்பிடி நிக்கவே முடியாது, இந்த மாதிரி இடத்துல பணம் மிச்சமாகறதே அங்கதான். களிக்கு நடுவுல ஒரு சாண் மணல் ஓடும் பாருங்க, அது. ஒன்றரை மீட்டருக்கு ஒரு தடவை ஸ்பூன் விடறவங்களுக்கு அது மாட்டறது லாட்டரி. கோன்ல தவறவே தவறாது, நுனி எதிர்ப்பு முள்ளு மாதிரி எகிறும், அதே ஆழத்துல தண்ணி அழுத்தம் தொபுக்குன்னு விழும். அது இருந்தா என்ன ஆகும்? களிக்குள்ள இருக்கற தண்ணி வெளிய போனாத்தான் தரை இறங்கி முடியும், அதுக்கு ஆகற நேரம் தண்ணி நடக்க வேண்டிய தூரத்தோட வர்க்கத்துல போகும். 10 மீட்டர் களி, மேலயும் கீழயும் வடியற மாதிரி இருந்தா தூரம் 5 மீட்டர். சரியா நடுவுல ஒரு மணல் பட்டை இருந்தா ரெண்டரை. தூரம் பாதி, நேரம் கால்வாசி. எட்டு வருஷம் இறங்க வேண்டியது ரெண்டு வருஷத்துல இறங்கும். பிவிடி வடிகால் (களித் தண்ணி சீக்கிரம் வெளிய வர செங்குத்தா இறக்கற பட்டை) எத்தனை மீட்டருக்கு ஒன்னு போடணும், போடணுமா வேணாமாங்கறதே இதுலதான் இருக்கு. ஒன்னு மட்டும் பார்த்துக்கணும், பக்கத்து கோன்லயும் அதே ஆழத்துல அந்த முள்ளு இருக்கான்னு. ஒரு இடத்துல மட்டும் இருந்தா அது பட்டை இல்ல, மூடின குண்டு மாதிரி, தண்ணிக்கு போக வழி இருக்காது.

அடுத்து தண்ணி மட்டம். இத பத்தி எனக்கு ரொம்ப நாளா ஒரு கடுப்பு இருக்கு. போர் ரிப்போர்ட்ல தண்ணி மட்டம் 0.9 மீட்டர்னு அழகா போட்டிருப்பாங்க, போர் முழுக்க, துளை சரியாம இருக்க ஊத்தற பென்டோனைட் களிக் கரைசல ரொப்பி வெச்சுட்டு அதோட மேல்மட்டத்த அளந்து எழுதினது அது. 24 மணி நேரம் விட்டு பார்த்தாலும் களியில தண்ணி அவ்ளோ சீக்கிரம் மட்டத்துக்கு வராது. சிபிடியூல அமுக்கறத நிறுத்திட்டு அழுத்தம் எப்படி இறங்குதுன்னு பார்த்துக்கிட்டே இருந்தா, அதான் டிசிப்பேஷன் டெஸ்ட், மணல்ல சில செகண்ட்ல நிக்கும், களியில மணிக்கணக்குல ஆகும். 9 மீட்டர்ல ஒரு மணல் பட்டைல நிறுத்தி பார்த்து 78 கிலோபாஸ்கல்ல நின்னா, 9.81ஆல வகுத்தா கிட்டத்தட்ட 8 மீட்டர், அதாவது தண்ணி மட்டம் 1 மீட்டர் ஆழத்துல. அதே இடத்துல 14 மீட்டர் மணல்ல 105ல நிக்குதுன்னா 10.7 மீட்டர்தான் வருது, அங்க மட்டம் 3.3 மீட்டர். மேல ஒரு தண்ணி, கீழ ஒரு தண்ணி, நடுவுல களி தடுப்பு. கீழ இருந்து யாரோ மோட்டார் போட்டு உறிஞ்சிக்கிட்டு இருக்காங்க. மீஞ்சூர் பக்கம் இது கற்பனை இல்ல, பல வருஷமா போர்வெல் போட்டு இறைச்சு இறைச்சு கடல் தண்ணி உள்ள வந்த ஊர் அது. அந்த உப்பு எந்த ஆழத்துல ஆரம்பிக்குதுன்னு பாக்கணும்னா கோனோட ஒரு ரெசிஸ்டிவிட்டி மாட்யூல் (மண்ணு கரண்ட எவ்ளோ தடுக்குதுன்னு பாக்கறது) மாட்டலாம், உப்பு தண்ணி வந்ததும் கோடு சட்டுனு சரியும். மணல்ல அது தெளிவா தெரியும், களியும் தன் பாட்டுக்கு கரண்ட கடத்தும்கறதால அங்க கொஞ்சம் யோசிச்சுதான் படிக்கணும்.

டிசிப்பேஷன் நம்பணும்னா ஃபில்டர் காத்து இல்லாம எண்ணெய்லயோ கிளிசரின்லயோ ஊறியிருக்கணும். ஒரு சைட்ல மேல ஒன்றரை மீட்டர் காஞ்ச செம்மண் நிரப்பு, அதுக்குள்ள போகும்போதே ஃபில்டர் காத்த இழுத்துக்கிச்சு, 5 மீட்டர் வரைக்கும் அழுத்தக் கோடு செத்த பாம்பு மாதிரி கிடந்துச்சு, யாரும் கவனிக்கல. மேல் நிரப்ப முதல்ல தோண்டி தண்ணி ஊத்திட்டு, நுனிக்கு ஒரு ரப்பர் உறைய மாட்டி விட்டிருந்தா வேலை முடிஞ்சிருக்கும். அப்புறம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, முடிஞ்சு வெளிய எடுத்த பிறகு, ரெண்டு தடவையும் சைபர் ரீடிங் (கோன் மேல பாரமே இல்லாதப்ப வர்றது) என்னன்னு ரிப்போர்ட்ல கேளுங்க. மெத்து களியில ரீடிங்கே சின்னது, சைபர் கொஞ்சம் நகர்ந்தாலும் எல்லாம் கெட்டுச்சு.

மண்ணுல டீசல், கெமிக்கல் இறங்கியிருக்கான்னு பாக்கணும்னா அது வேற கதை. தண்டையார்பேட்டைல 2013ல போர்வெல்ல எண்ணெய் வந்துச்சே, பைப்லைன் கசிவு, அந்த மாதிரி இடத்துல லேசர் ஜன்னல் வெச்ச கோன விட்டா டீசல் ஒளிரும், எங்க இருந்து எங்க வரைக்கும் பரவியிருக்குன்னு ஒரே நாள்ல பத்து இடம் பார்த்துடலாம், மண்ண வெளிய அள்ளிப் போட வேண்டியதும் இல்ல. பெட்ரோல் மாதிரி ஆவியாகற சமாச்சாரத்துக்கு சூடேத்தற மெம்ப்ரேன் வெச்ச ப்ரோப் இருக்கு. ஆனா ராணிப்பேட்டை குரோமியத்துக்கு இந்த ரெண்டும் உதவாது, குரோமியம் ஒளிரவும் ஒளிராது, ஆவியாகவும் ஆகாது, போதாக்குறைக்கு அங்க கீழ பாறை. அங்க கிணறு போட்டு தண்ணி எடுத்து லேபுக்கு அனுப்பறதுதான் வழி. எந்த இடமா இருந்தாலும் தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெரிய குறைஞ்சது மூணு கிணறு வேணும். கோன் போட்ட ஓட்டைய சிமென்ட் பென்டோனைட் வெச்சு அடைக்காம விட்டா மேல இருக்கற அழுக்குக்கு கீழ போக நாமளே பைப் போட்டு குடுத்த மாதிரி ஆயிடும், கொட்டேஷன்ல அந்த வரி இருக்கான்னு பாருங்க.

எங்க சிபிடி பக்கமே போகக்கூடாது? கோயம்புத்தூர்ல கரிசலுக்கு கீழ ஒன்னு ரெண்டு மீட்டர்லயே இறுகின மொரம்பு, கிண்டி, தரமணி பக்கம் பல இடத்துல கொஞ்ச ஆழத்துலயே பாறை, அங்கெல்லாம் கோன் போய் முட்டிக்கிட்டு நிக்கும், வண்டி வாடகை மட்டும் தண்டம். கூழாங்கல், பழைய கட்டட இடிபாடு கொட்டின நிரப்பு, அங்கயும் அப்படித்தான், ராடு வளைஞ்சு கோன் போனா அதுக்கு வேற காசு. பாறைக்குள்ள எத்தனை மீட்டர் பைல் போகணும்னு கேள்வின்னா கோர் எடுக்கற ரோட்டரி ரிக்தான் பதில். டெல்டால, எண்ணூர் மீஞ்சூர் கழிமுகத்துல, கொச்சில, இங்கெல்லாம்தான் சிபிடியூக்கு வேலை. அங்கயும் வயல்ல 20 டன் லாரி புதையும், சின்ன ரிக்க ஆங்கர் அடிச்சு நிறுத்தலாம்னா மெத்து களியில ஆங்கரே பிடுங்கிட்டு வரும், கீழ இருக்கற இறுகின மணல்ல அமுக்கும்போது கோன் இறங்கறதுக்கு பதிலா ரிக் மேல ஏறும். டைனமிக் கோன், அதான் 65 கிலோ ஹேமர்ல கூம்ப அடிச்சு இறக்கறது, சீப்பா கிடைக்குதேன்னு ஒருத்தர் கேட்டாரு. ரெண்டு போருக்கு நடுவுல பாறை மட்டம் ஏறுதா இறங்குதான்னு பாக்க போதும், களியோட வலுவுக்கு அது வேண்டாம்.

கடைசில அவனுக்கு சொன்னது இது. எட்டு போர மூணா குறை, அதுல ஒன்னு மட்டும் 30 மீட்டருக்கு போகட்டும், மத்த ரெண்டும் கோனுக்கு பக்கத்துலயே, களி முடியற வரைக்கும், அந்த களில எஸ்பிடி வேண்டாம், அதுக்கு பதிலா வேன் ஷியரும் ட்யூப் சாம்பிளும். சிபிடியூ அஞ்சு, நாலு மூலைல நாலு, நடுவுல ஒன்னு, களில ரெண்டு ஆழத்துலயும் மணல் வர்ற இடத்துலயும் டிசிப்பேஷன். தண்ணிக்கு மூணு பைசோமீட்டர் (மண்ணுக்குள்ள தண்ணி அழுத்தம் பாக்க புதைக்கற கருவி), மழைக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை பாக்கணும். முதல்ல கோன் எல்லாத்தையும் போட்டுட்டு, அந்த கோட்ட பார்த்து போர் எங்கன்னு முடிவு பண்ணு, ரெண்டையும் ஒரே நாள்ல ஆரம்பிச்சா கோன் போட்டதோட பாதி பிரயோஜனம் போச்சு. தொகை ரெண்டு கொட்டேஷனுக்கும் நடுவுல வந்துச்சு.

ஆர்டர்ல எழுதற வார்த்தைல மட்டும் ஜாக்கிரதைன்னேன். நம்ம ஊர் டெண்டர்ல எஸ்சிபிடின்னா ஸ்டாட்டிக் கோன், வெளிநாட்டு ரிப்போர்ட்ல அதே எழுத்துக்கு சீஸ்மிக் கோன், வேற டெஸ்ட், வேற ரேட். வெறும் ஐஎஸ் 4968 மூணாவது பாகம்னு போட்டா மெக்கானிக்கல் கோன கொண்டு வந்து, நிறுத்தி நிறுத்தி அமுக்கி 20 சென்டிமீட்டருக்கு ஒரு ரீடிங் எடுத்துட்டு போயிடுவாங்க, தண்ணி அழுத்தம் கேட்டா ஆர்டர்ல இல்லையே சார்னு காட்டுவாங்க, அவங்க சொல்றதும் நியாயம்தான். அதனால எலக்ட்ரிக் கோன், கூம்புக்குப் பின்னாடி தண்ணி அழுத்தம் (pore pressure), ரீடிங் 2 சென்டிமீட்டருக்குள்ள, முன்ன பின்ன சைபர் ரீடிங், காலிப்ரேஷன் தேதி, பிடிஎஃப் மட்டும் இல்லாம மூல டேட்டா ஃபைலும்னு வரி வரியா எழுத சொன்னேன். அத அப்படியே அனுப்பியிருக்கான், கோன் வண்டிக்காரர் வரப்பு ஓரமா ஜல்லி கொட்டி வழி போட்டு குடுங்கன்னு கேட்டிருக்காராம், அதுக்கு எத்தனை லோடுன்னு நேத்து மறுபடி போன்.